இடப்பக்கக் கதவு

போன கிழமை நேசமலரை விடிந்தும் விடியாத நேரத்தில், மாடிவீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கையில் வீட்டுச் சாவியோடு காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தோம். கீறினாளா, மனம் வராமல் திரும்பினாளா என்று வாசகர்கள் பலர் கேட்டார்கள். கீறினாள்.

கை தவறிப் பட்ட கீறல் அல்ல அது. தானே தைத்துக் கொடுத்த துணி உறையைத் தூக்கி, இடப்பக்க முன்கதவில் கைப்பிடிக்குக் கீழே சாவியை ஊன்றி, கதவு முடியும்வரை ஒரே இழுவையாக இழுத்தாள். பிறகு உறையை முன்பு இருந்தபடியே இறக்கிவிட்டு மேலே வந்து, சாமிப் படத்துக்குப் பூ வைத்து, தேத்தண்ணீருக்கு அடுப்பை மூட்டினாள். கல்யாணம் முடித்த நாள் முதல் புருஷனுடைய ஒரு கோப்பையைக்கூட உடைக்காத மனுஷி.

இன்றுதான் இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிவபாதசுந்தரம் காணிகளுக்கும் கட்டடங்களுக்கும் விலை மதிப்பிடுகிற அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு முத்து வெள்ளை நிறத்தில் ஒரு பிரீமியோ வாங்கினார். சொல்லிவைத்தாற்போல அதற்குப் பிறகு நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். வெள்ளவத்தையில் அந்தக் காருக்கு ஒரு வீட்டு விலை வந்தது. லிப்ற்றுக்குள் யாராவது “அண்ணை, கார் குடுக்கிற யோசினை இல்லையோ?” என்று கேட்டால் போதும், மனுஷன் அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார்.

பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அவர் மனதில் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

காரை விடுகிற இடத்தின் வலப்பக்கம் சுவர். பழைய மெத்தையை வெட்டி அந்தச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார். கூரையிலிருந்து நூலில் ஒரு டென்னிஸ் பந்து தொங்கும். பின்னுக்கு எடுக்கும்போது பந்து பின்கண்ணாடியைத் தொட்டால் பிரேக் பிடிக்க வேண்டும். இடப்பக்கம்தான் அவருக்குப் பயம். அந்தப் பக்கம் பெயின்ற் வாளிகளில் சீமெந்து குழைத்து ஊற்றி, காய வைத்து, வரிசையாக அடுக்கியிருக்கிறார். யாரும் கிட்ட வரக்கூடாது. அப்படி அடுக்கியதில் இடப்பக்கக் கதவைத் திறக்க முடியாமல் போய்விட்டது. அது நேசமலர் ஏறி இறங்கும் கதவு.

ஆகவே வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. எங்கே போய் வந்தாலும் நேசமலர் கேற்றடியில் இறங்கிவிட வேண்டும். மழையோ, வெயிலோ, முழங்கால் வீங்கியிருக்கிற நாளோ, கேற்றடியில் இறங்கி, சாமான் பைகளையும் தூக்கிக்கொண்டு நடந்து வர வேண்டும். அவர் தனியாக உள்ளே போய், கண்ணாடிகளை மடித்து, பந்து தொடும்வரை பின்னுக்கு எடுத்து, சுவருக்கும் காருக்கும் இடையில் வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருவார்.

இதற்கெல்லாம் அவள் கீறவில்லை. இதையெல்லாம் பழகிப்போயிருந்தாள்.

போன சனிக்கிழமை அவளுடைய தங்கச்சி றஞ்சிதத்தின் செத்தவீடு. கொட்டாஞ்சேனையில், ஒரு கைவண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டிய ஒழுங்கையில் வீடு. துறைமுகத்தில் வேலை செய்த றேமண்டைக் காதலித்துக் கல்யாணம் கட்டினதற்காகக் குடும்பம் முழுக்க றஞ்சிதத்தை ஒதுக்கியது. நேசமலர் மட்டும் ஒதுக்கவில்லை. சிவபாதசுந்தரம் தினமும் காலமை கார் துடைக்கக் கீழே போனவுடன் அக்காவும் தங்கச்சியும் தொலைபேசியில் கதைப்பார்கள். கார் வாங்கியதால் நேசமலருக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

அன்று ஒழுங்கை முகப்பில் காரை நிறுத்தியதும் அவள் கதவில் கை வைத்தாள். “திறக்காதையும்! பின்னாலை ஒரு கைவண்டி இடப்பக்கத்தாலை நுழையுது, கதவிலை இடிச்சுப்போடும். பொறும், விட்டிட்டு இறங்குவம்” என்றார். ஒழுங்கைக்குள் விட்டால் உரசுவார்கள். கோயில் முன்னால் முச்சக்கர வண்டிகள். கடை வாசலில் கைவண்டிகள். சுற்றினார். திரும்பவும் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்கை முகப்பு வந்தது. கட்டியிருந்த வெள்ளைக் கொடிகள் தெரிந்தன. அவள் கதவில் கை வைத்தபடியே இருந்தாள். கடைசியில் ஆமர் வீதிப் பக்கம் ஒரு கடை வளவுக்குள் இரண்டு பக்கமும் வெறுமையாக ஓர் இடம் கண்டு விட்டார். அங்கிருந்து அவள் நொண்டி நொண்டி நடந்து வந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள்.

மகள் சுபோதினி இரத்மலானையில் வேலை. அவள் அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் தொங்கி வந்து சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டாள். வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்த அக்கா பார்க்கவில்லை.

“பிந்திட்டீங்க அக்கா” என்றான் றேமண்ட். அவ்வளவுதான் சொன்னான்.

இன்று ஏழாம் நாள். பின்னேரம் கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் றஞ்சிதத்துக்குப் பூசை.

* * *

கீழே இருந்து சத்தம் எதுவும் வரவில்லை. சிவபாதசுந்தரம் கத்துகிற ஆள் அல்ல. லிப்ற்றில் மேலே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றார். கார் துடைக்கும் துணி கையில் அப்படியே இருந்தது.

“காரைக் கீறிப்போட்டாள்.”

புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த நேசமலரின் கை நின்றது.

“ஆர்?”

“வேறை ஆர்? பக்கத்திலை ஸ்கூட்டி விடுறவள்தான். அந்த அஸ்கா.”

அவர் தன் முகத்தைப் பார்ப்பார், பார்த்ததும் விளங்கிவிடும் என்றுதான் அவள் விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டிய தேவையே வராது என்று நம்பினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அதிலும் ஒரு கசப்பு ஏறியது அவளுக்கு.

“நீங்கள் கண்டனீங்களோ?”

“காணவேணுமோ? உறையைத் தூக்கிப்போட்டு வேணுமெண்டே இழுத்திருக்கிறாள். ஸ்கூட்டியைத் தள்ளி விடு எண்டு போன மாசம் சொன்னனான்தானே. அந்தக் கொதி.”

சுபோதினி பல் துலக்கியபடியே வந்தாள். “அப்பா, கமரா இருக்குதானே. போட்டுப் பாருங்கோவன்.”

“அது கேற்றைத்தான் பாக்குது. எங்கடை இடத்துக்கும் ஒண்டு பூட்டுங்கோ எண்டு எத்தினை தரம் கமிற்றியிலை சொன்னனான். ஆர் கேட்டது?”

“அப்ப ஆர் கீறினது எண்டு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார்.

நேசமலர் கையைக் கழுவினாள். கார் கதை போதும் என்பது போல, “பின்னேரம் பூசை” என்றாள்.

“அதுதான் சொல்ல வந்தனான். இண்டைக்குக் காரை வெளியிலை எடுக்கேலாது. இன்சூரன்ஸ் ஆக்கள் வந்து பாக்குமட்டும் அசையாமல் நிக்கவேணும். அதுவும் கொட்டாஞ்சேனைக்கோ? ஏற்கெனவே ஒரு கீறல் காணாதோ? பிறகு ஒரு நாளைக்கு ஆறுதலாய்ப் போய் றேமண்டைக் கண்டுகொண்டு வருவம்.”

“பூசை இண்டைக்குத்தானே.”

“ஏழாம் நாளுக்கும் போகவேணுமெண்டு சட்டமோ? நாங்கள் என்ன வேதக்காரரோ?”

அவள் புட்டுப் பானையை அடுப்பில் வைத்தாள். அவர் திரும்பவும் கீழே போனார்.

* * *

ஜவாஹிறாவின் வீடு இரண்டாம் மாடியில். கணவனை இழந்தவர். வீட்டிலேயே ரோல்ஸும் பற்றிஸும் செய்து காலி வீதிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகள் அஸ்கா பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. தாய் செய்கிற பெட்டிகளைப் போகிற வழியில் கடைகளில் இறக்கிவிட்டுப் போகத்தான் அந்த ஸ்கூட்டி. வீடு வாடகை வீடு. சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறார். எண்ணெய் மணக்கிறது, ஸ்கூட்டி கோணலாக நிற்கிறது என்று சிவபாதசுந்தரம் ஏற்கெனவே செய்த முறைப்பாடு லண்டன்வரை போயிருந்தது. இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டை விடவேண்டும் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். இது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சிவபாதசுந்தரத்துக்கும் தெரியும்.

செத்தவீட்டால் வந்து நேசமலர் கேற்றடியில் இறங்கி நின்ற அன்று, பைகளை வாங்கிக்கொண்டு அவளோடு மேலே வந்தது ஜவாஹிறாதான். வெறுந்தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“முகத்தப் பாத்தீங்களா அக்கா?” என்று கேட்டார்.

“இல்லை.”

ஜவாஹிறா நேசமலரின் கையைப் பிடித்தபடி இருட்டும்வரை இருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இப்போது அவருடைய வாசலில் சிவபாதசுந்தரம் நின்றார். பின்னால் கமிற்றிச் செயலாளர் ஜொனாதன், சனிக்கிழமை காலையில் இதென்ன கரைச்சல் என்ற முகத்தோடு நின்றான்.

“எங்கட புள்ள அப்பிடிச் செய்யாது சேர்” என்றார் ஜவாஹிறா. கையெல்லாம் ரோல்ஸ் மா. “விடிய அது எழும்பவே இல்ல. இப்பதான் வேலைக்குப் போகுது.”

“உங்கடை பிள்ளை எண்டால் நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்.”

“ரெண்டு வருஷமா இங்க ஈக்கிறோம். யாருக்காச்சும் ஒரு கெடுதல் செஞ்சிருக்கோமா? நீங்களே சொல்லுங்க ஜொனாதன்.”

ஜொனாதன் தலையைச் சொறிந்தான். “பின்னேரம் நாலு மணிக்குக் கீழ எல்லாரும் நிண்டு கதைப்போம் அங்கிள். அஸ்காவும் வரட்டும். நான் ஒண்டும் அவசரமா லண்டனுக்குச் சொல்லல.”

“சொல்லத்தான் வேணும்” என்றார் சிவபாதசுந்தரம். “நாலு மணிக்குப் பிறகு சொல்லும்.”

காவலாளியையும் அவர் விடவில்லை. அந்த மனுஷன் கதிரையிலிருந்து எழுந்து நின்று, “மம தெக்கே நே, மாத்தயா” என்றான். நான் காணவில்லை ஐயா என்றுதான் அவனால் சொல்ல முடிந்தது. காலையில் நேசமலர் கீழே வந்ததை அவன் கண்டிருந்தான். பூப் பறிக்க அவள் தினமும்தானே வருகிறாள்.

* * *

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் சாய்கதிரையில் கிடந்தார். சுபோதினி தன் அறையில் இருந்தாள். நேசமலர் வந்து அவருக்கு முன்னால் நின்றாள். அவருக்கு முன்னால் கதிரையில் இருந்து கதைக்கும் வழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை. இன்று இருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் நின்றாள்.

“இஞ்சேருங்கோ. அது அஸ்கா இல்லை.”

“பிறகு?”

“நான்தான் கீறினனான். விடிய. வீட்டுச் சாவியாலை.”

அவர் மெல்ல நிமிர்ந்து இருந்தார். இப்போதுதான் அன்று முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நேசமலர் நினைத்தாள். அடிக்கக்கூடச் செய்யலாம் என்று நினைத்தாள். அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

“ஆரும் கண்டவையோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்ப சரி.” திரும்பவும் சாய்ந்தார். “இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும். சுபோவுக்கும் சொல்லாதையும்.”

அவளுக்கு விளங்கவில்லை. “என்ன சரி? நாலு மணிக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து நிப்பாட்டப் போறீங்களே.”

“நிப்பாட்டித்தான் ஆகவேணும். கட்டடம் முழுக்கச் சொல்லியாச்சு. இப்ப போய், இல்லை, கீறினது என்ரை மனிசி எண்டு சொல்லச் சொல்லுறீரோ? லிப்ற்றுக்குள்ளை நான் தலை நிமிந்து நிக்கிறேல்லையோ?”

“அவையை வீட்டை விட்டு எழுப்பிப் போடுவினம்.”

“அதுகள் வாடகைக்கு இருக்கிற சனம். இஞ்சை இல்லாட்டித் தெஹிவளையிலை ஒரு வீடு எடுக்குங்கள். எங்களுக்கு அப்பிடியோ? நாங்கள் சாகுமட்டும் இஞ்சைதான்.”

நேசமலர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு காலமும் காரைத்தான் இந்த மனுஷன் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தாள். உண்மையில் அவர் தன்னைத்தானே பொத்தி வைத்திருக்கிறார் என்று இப்போது தெரிந்தது.

“ஏன் கீறினனான் எண்டு நீங்கள் கேக்கேல்லை.”

“கேட்டு என்ன காணப்போறன்?”

“கேளாட்டிலும் சொல்லுறன். என்ரை தங்கச்சியின்ரை முகத்தை நான் பாக்கேல்லை.”

“அதுக்கு நான் என்ன செய்ய? அந்த ஒழுங்கைக்குள்ளை விட்டிருந்தால் ரெண்டு பக்கமும் உரசியிருப்பாங்கள். நீரும்தானே பாத்தனீர்.”

“பாத்தனான்” என்றாள். “ஒழுங்கையைத்தான் பாத்தனான். திருப்பித் திருப்பி ஒழுங்கையைத்தான் காட்டினீங்கள்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

அறை வாசலில் சுபோதினி நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. தாயைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“அம்மா, நான் போய் ஜொனாதனிட்டைச் சொல்லட்டோ?”

“வேண்டாம். என்ரை வாயாலை நான் சொல்லுவன்.”

“அப்பா உங்களை விடமாட்டார்.”

“உன்ரை அப்பாவைக் கேட்டோ காலமை கீறினனான்?”

சொல்லிவிட்டு நேசமலரே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. மகளுடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஏழு நாளாக வராத அழுகையை அழுதாள். றஞ்சி, றஞ்சி என்று பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். சுபோதினி முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைத் தான் பார்த்துவிட்டோம் என்பது அவளுக்குக் களவெடுத்த பொருள் போல உறுத்தியது.

“சித்தி நித்திரை மாதிரித்தான் இருந்தவ அம்மா. மூக்குத்தி போட்டிருந்தவ. நீங்கள் குடுத்த அந்தச் சின்ன மூக்குத்தி.”

“போட்டிருந்தவளோ?” என்றாள் நேசமலர்.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவினாள். அலுமாரியைத் திறந்து வெளிறிய சாம்பல் நிறச் சேலையை எடுத்தாள். ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிற பெரிய கைப்பையையும் எடுத்தாள். பூசைக்குப் போக அந்தப் பை எதற்கு என்று சுபோதினி கேட்கவில்லை.

* * *

நாலு மணிக்குக் கீழ்த்தளத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். காலையில் முகம் கொடுக்காதவர்கள்கூடக் கீறல் பார்க்க வந்து நின்றார்கள். உறையைச் சிவபாதசுந்தரம் பாதிக்கு மடித்து வைத்திருந்தார். வெள்ளைக் கதவில் அந்தக் கோடு நேராக, தடுமாற்றம் இல்லாமல் இருந்தது.

அஸ்கா வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள். தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, “அங்கிள், நான் கீறல்ல” என்றாள். திருப்பிச் சொல்லும்போது குரல் உடைந்தது. “அல்லாஹ் மேல சத்தியமா நான் கீறல்ல.”

“சத்தியம் பண்ணிற ஆக்களை நான் உத்தியோகத்திலை எவ்வளவு கண்டிருக்கிறன்” என்றார் சிவபாதசுந்தரம்.

இதைச் சொல்லும்போது அவருக்கு நாக்குக் கூசவில்லை. எனக்கு எழுதவே கூசுகிறது.

ஜவாஹிறா மகளுக்குப் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றார். “எழுப்புறதுன்னா எழுப்புங்க ஜொனாதன். போறோம். ஆனா எங்கட புள்ளைய கள்ளி மாதிரி இப்பிடி நடுவுல நிப்பாட்டாதீங்க.”

ஜொனாதன் தொலைபேசியை எடுத்தான். அப்போது லிப்ற் திறந்தது. நேசமலரும் சுபோதினியும் வந்தார்கள்.

“பிள்ளையை விடுங்கோ” என்றாள் நேசமலர். “காரைக் கீறினது நான்.”

முதலில் வாய் திறந்தது ஜவாஹிறா. “அக்கா, எங்களுக்காண்டி நீங்க பொய் சொல்லவேணாம்” என்றார். உண்மையாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“பொய் இல்லை. நான்தான்.”

சிவபாதசுந்தரம் ஜொனாதனின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “குறை நினைக்காதையும் தம்பி. தங்கச்சி மோசம் போனதிலையிருந்து இவவுக்கு மனம் சரியில்லை. என்ன கதைக்கிறா எண்டு அவவுக்கே தெரியாது. சுபோ, அம்மாவை மேலை கூட்டிக்கொண்டு போம்.”

பாவம் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை பேரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். மனம் சரியில்லாத பெண்பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நேசமலருக்குக் காது இரண்டும் சூடாகியது. ஒரு பெண் தன் வாயால், தன் சொந்தக் குற்றத்தைச் சொன்னால்கூட, நம்புவதற்கு அவளுடைய புருஷன் தலையாட்ட வேண்டியிருக்கிறது.

சுபோதினி தாயை மேலே கூட்டிக்கொண்டு போகவில்லை. குனிந்து, முன்னால் இருந்த சீமெந்து வாளியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அது கரகரவென்று தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது. அடுத்த வாளியையும் இழுத்தாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?” என்றார் தகப்பன்.

“வழி விடுறன்.”

நேசமலர் அந்த இடைவெளிக்குள் போனாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். காலையில் வாளிகளுக்கு மேலால் எட்டிக் கீறிய கோட்டுக்கு நாலு விரல் கீழே வைத்து, அழுத்தி, கதவு முடியும்வரை இழுத்தாள்.

அந்தச் சத்தம் எல்லோருக்கும் பல் கூசியது. சிவபாதசுந்தரம் “மலர்!” என்றார். அந்தக் குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

அவள் நிமிர்ந்தாள். மேல் கோடும் கீழ்க் கோடும் ஒரே கை எழுதியதுபோல இருந்தன. யாருக்கும் இனி விளக்கம் தேவைப்படவில்லை. ஜொனாதன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“ஆரும் கண்டவையோ எண்டு மத்தியானம் கேட்டனீங்கள்” என்றாள் நேசமலர். “இப்ப எல்லாரும் கண்டிட்டினம்.”

மத்தியானமே இவருக்குத் தெரியுமா என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் ஏறுவதை அவர் பார்த்தார். ஜவாஹிறா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மகளுடைய கையிலிருந்த தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு, “வா” என்று லிப்ற்றுப் பக்கம் நடந்தார். போகும்போது நேசமலரின் கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார்.

நேசமலர் சாவியைக் காரின் கூரைமேல் வைத்தாள்.

“அதிலை வைக்காதையும், கீறும்” என்றார் சிவபாதசுந்தரம். பதறிப்போய் எடுத்துக் கையில் பொத்திக்கொண்டார். அது வீட்டுச் சாவி என்பதோ, அவளிடம் இருந்தது அந்த ஒரு சாவிதான் என்பதோ அவருக்கு அப்போது உறைக்கவில்லை. குனிந்து, கீழ்க் கோட்டின் ஆழத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

சுபோதினிக்கு உறைத்தது. தாயின் தோளில் தொங்கிய பெரிய பையைப் பார்த்தாள். பை நிறைந்திருந்தது.

“அம்மா, பூசை முடிய வந்திடுவீங்கள்தானே?”

நேசமலர் மகளின் கன்னத்தைத் தொட்டாள். “பசிச்சால் புட்டு இருக்கு. சாப்பிடு” என்றாள்.

கேற்றடிக்கு நடந்தாள். எத்தனையோ வருடம் இறங்கி இறங்கி வந்த அதே இடம். ஒழுங்கை முனையிலிருந்து ஒரு முச்சக்கர வண்டி திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் நெளிந்து, பெயின்ற் உரிந்து, பின்னால் ஒரு விளக்கும் இல்லாத வண்டி. அவள் கையைக் காட்டினாள். உள்ளே ஏறி இருந்தபோது முழங்கால் வலித்தது.

“எங்க அம்மா?”

“கொட்டாஞ்சேனைக் கோயில்.”

“அங்க ரோட்டெல்லாம் நெருக்கமா இருக்குமே. பரவாயில்ல, நான் நொழச்சிப் போய்ருவேன். கோயில் வாசல்லயே எறக்கவா?”

நேசமலர் திரும்பிப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் அவர் இன்னும் கதவோடு குனிந்தபடியே இருந்தார்.

“ஓம் தம்பி” என்றாள். “வாசலிலையே இறக்கி விடும்.”